நாஷ்வில் வட்டாரத்து மாளிகைகளும் அருங்காட்சியகங்களும்: முன்கட்டிலிருந்து தொடங்குவதா, பின்கட்டிலிருந்தா?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோர் மதுரையிலிருந்து இந்தச் செப்டம்பர் இறுதியில் நாஷ்வில் வருகிறார்கள்; இரண்டு மாதங்கள் எங்களுடன் தங்குவார்கள். அப்பா முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவர். ஆண்டுதோறும் மாணவர்களைத் திருமலை நாயக்கர் மகாலுக்கு அழைத்துச் சென்று, தூணைச் சுற்றிக் கைகோத்து நின்று அதன் சுற்றளவை அவர்களையே அளக்கச் சொல்வார். அப்படிப்பட்டவரைக் கடைத்தெருவுக்கும் அருவிக்கும் மட்டும் அழைத்துப் போய் ஊருக்கு அனுப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை. டென்னசியின் தலைநகரமான இவ்வூரைச் சுற்றிப் பழைய மாளிகைகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் குறைவில்லை என்று அறிவேன். ஆனால் எதை முதலில் பார்ப்பது, எதை விட்டுவிடுவது என்று தெரியவில்லை.

என் தயக்கத்துக்குக் காரணம் ஒன்று உண்டு. சென்ற ஆண்டு வேறொரு தென் மாநிலத்தில் ஒரு பண்ணை மாளிகையைப் பார்க்கப் போயிருந்தோம். வழிகாட்டி ஒரு மணி நேரம் திரைச்சீலைகளையும் வெள்ளிப் பாத்திரங்களையும் பற்றி அழகாகப் பேசினார். பதினொரு வயதான என் மகன், “இந்த வீட்டில் சமையல் யார் செய்தார்கள்?” என்று கேட்டபோது, “பணியாட்கள்” என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டு அடுத்த அறைக்கு நடந்துவிட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் மகன் அதையே கேட்டுக்கொண்டு வந்தான். அப்பாவையும் அப்படியோர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்த நான் விரும்பவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் மாடிப்படி ஏற முடியாது. மூன்று சனிக்கிழமைகள் கையில் இருக்கின்றன. போய் வந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.


தேவதாருநிழல் எழுதியது:

சகோதரி, பதினெட்டு ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன். ஊரிலிருந்து வந்த உறவினர்களை அழைத்துக்கொண்டு ஹெர்மிடேஜுக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்ற கணக்கே விட்டுப்போயிற்று. நகர மையத்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ பன்னிரண்டு மைல் தொலைவில், நாட்டின் ஏழாம் குடியரசுத் தலைவரான ஆண்ட்ரூ ஜாக்சன் வாழ்ந்து மறைந்த பண்ணை அது. பெல்வியூவில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்கு நாம் போகிற ஓல்ட் ஹிக்கரி சாலைகூட அவருடைய பட்டப் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அவரைப் பற்றி அறிந்துகொள்ளாமல் இவ்வட்டாரத்தைப் புரிந்துகொள்ள இயலாது.

முதல் சில முறை எல்லோரையும் போலவே நானும் நேராக மாளிகைக்குள் போனேன். வெள்ளைத் தூண்கள், வளைந்தேறும் படிக்கட்டு, நடுக்கூடத்துச் சுவர் முழுவதும் ஒடிசியஸின் மகன் டெலிமாக்கஸ் தந்தையைத் தேடிச் சென்ற கதையைத் தீட்டிய பிரெஞ்சு ஓவியத் தாள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 1821-இல் செங்கல்லால் எளிமையாகக் கட்டி முடித்த வீடு அது, 1831-இல் இருபுறமும் விரிவாக்கினார்கள், 1834-இல் தீப்பிடித்தது, அதன்பின் 1836 வாக்கில் இன்று நாம் காணும் கிரேக்கப் பாணித் தோற்றத்தைப் பெற்றது. இவை எல்லாம் கண்ணுக்கு நிறைவாக இருந்தாலும், வெளியே வந்தபின் என்ன பார்த்தோம் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

ஒருமுறை மழைக்கு ஒதுங்க இடம் தேடி, மாளிகைக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் மரக்கட்டை வீடுகளின் பக்கம் போனேன். அன்றுதான் அந்தப் பண்ணை எனக்கு விளங்கத் தொடங்கியது. 1804-இல் ஜாக்சன் இந்த நிலத்தை வாங்கியபோது அதில் இருந்தது மரத்தடிகளை அடுக்கிக் கட்டிய ஈரடுக்கு வீடு. அவரும் மனைவி ரேச்சலும் பதினேழு ஆண்டுகள் அதில்தான் குடியிருந்தார்கள். செங்கல் மாளிகைக்குக் குடிபோனபின் அந்த வீட்டின் கீழடுக்கை எடுத்துவிட்டு, மேலடுக்கை மட்டும் தரையில் இறக்கி, அடிமைகளின் குடியிருப்பாக ஆக்கிவிட்டார்கள். அதன் எதிரில் நின்று, ஒரு வீட்டின் உயரத்தையே பாதியாகக் குறைத்துத்தான் அடுத்தவருக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பதை நேரில் பார்க்கும்போது, எந்த வழிகாட்டியின் விளக்கமும் தேவைப்படாது.

ஆகவே என் யோசனை இது: பின்கட்டிலிருந்து தொடங்குங்கள். முதலில் அந்த மரக்கட்டை வீடு. அடுத்து ஆல்ஃபிரட் குடியிருந்த சிறு வீடு. அடுத்து மாளிகைக்குப் பின்னால் தனியே நிற்கும் சமையற்கட்டு. மாளிகையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சமையற்கட்டில் பெட்டி என்ற பெண் அடிமையாகச் சமைத்தார். ஆல்ஃபிரட் அவருடைய மகன். உங்கள் மகன் கேட்ட கேள்விக்கு இங்கே ஒரு பெயரே விடையாகக் கிடைக்கும். 1804-இல் ஒன்பது அடிமைகளோடு தொடங்கிய பண்ணையில், 1845-இல் ஜாக்சன் இறந்தபோது ஏறத்தாழ 150 பேர் இருந்தார்கள். பருத்தியை விதைத்தது, எடுத்தது, அரவை செய்தது, மூட்டை கட்டியது எல்லாம் அவர்கள்தாம்.

மாளிகையின் கீழ்த்தளத்தை அம்மா படியேறாமல் பார்த்துக்கொள்ளலாம். வெளியே நடக்க வேண்டிய தூரம் அதிகம் என்பதால் மடக்கு நாற்காலி ஒன்றை வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். 1998-ஆம் ஆண்டுச் சூறாவளியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்துவிட்டன. ஜாக்சன் காலத்துத் தேவதாருக்கள் அணிவகுத்து நின்ற வாசற்பாதை அன்றோடு போயிற்று. அதன்பின் நட்ட மரங்கள் இப்போதுதான் நிழல் கொடுக்கத் தொடங்கியிருக்கின்றன.


நூலகவாசி எழுதியது:

தேவதாருநிழல் ஐயா சொல்லும் வரிசையை மதிக்கிறேன். எனினும் ஹெர்மிடேஜையே முதல் இடமாக வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பின்கட்டிலிருந்து தொடங்கினாலும் அது ஜாக்சனின் பண்ணைதான்; நாம் கொடுக்கும் நுழைவுக் கட்டணத்தில் பெரும்பங்கு அந்தத் தூண்களுக்கு வெள்ளையடிக்கத்தான் போகும். 1804-இல் தம்மிடமிருந்து தப்பியோடிய ஒருவரைப் பிடித்துத் தருவோருக்கு அவர் நாளிதழில் விளம்பரம் கொடுத்தார்; ஓடியவருக்கு விழும் ஒவ்வொரு நூறு கசையடிக்கும், முந்நூறு அடி வரையில், கூடுதலாகப் பத்து டாலர் தருவதாக அதில் அறிவித்திருந்தார். 1830-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டுச் செரோக்கி முதலிய பழங்குடி மக்களை அவர்களுடைய மண்ணிலிருந்து வெளியேற்ற வழிவகுத்தவரும் அவரே. 1838-இல் செரோக்கியர் நடத்திச் செல்லப்பட்ட கண்ணீர்ப் பாதை இந்த நாஷ்வில் வழியாகத்தான் போயிற்று. வரலாற்று ஆசிரியர் ஒருவர் முதன்முதலில் நுழையும் வாசல் இதுவாக இருக்க வேண்டுமா என்று எண்ணிப் பாருங்கள்.

நான் முதலில் அழைத்துச் செல்லக்கூடிய இடம் நகர மையத்துப் பொது நூலகத்தில் இருக்கும் குடியுரிமை இயக்க அறை. கட்டணம் கிடையாது, மின்தூக்கி இருக்கிறது. 1960 பிப்ரவரியில், வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறிவந்த இந்த நகரத்துக் கடைகளின் உணவு மேடைகளில் கறுப்பின மாணவர்கள் போய் அமர்ந்தார்கள். அடித்தாலும் திருப்பி அடிப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டு அமர்ந்தார்கள். அந்த அறையில் வட்டமாக ஓர் உணவு மேடையை அமைத்து, மாணவர்கள் கையில் வைத்திருந்த பத்து ஒழுங்கு விதிகளை அதன்மேல் பொறித்திருக்கிறார்கள். அதன் முன்னால் இருக்கையில் அமர்ந்துகொண்டே அவற்றைப் படிக்கலாம். உங்கள் அம்மாவுக்கும் அது ஏற்றது.

அந்த மாணவர்களுக்குப் பயிற்சி அளித்தவர் ஜேம்ஸ் லாசன். அவர் 1950-களில் நாக்பூரில் ஒரு கல்லூரியில் பணியாற்றியபடியே காந்தியடிகளின் சத்தியாகிரக முறையைக் கற்றவர். நிறப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பின மக்கள் நடத்திய மாண்ட்கோமரிப் பேருந்துப் புறக்கணிப்பைப் பற்றி அங்கே இருந்த காலத்தில் நாளிதழில் படித்தவர். நாஷ்வில்லுக்கு வந்து தேவாலயக் கூடங்களில் மாணவர்களை வரிசையாக உட்காரவைத்து, வசவையும் அடியையும் எப்படிப் பொறுத்துக்கொள்வது என்று நடித்துக் காட்டிப் பழக்கினார். அதே ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள், மாணவர்களின் வழக்கறிஞரான அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் குண்டு வெடித்தது. அன்றே ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகப் போய் நகர மன்றத்தின் முன் நின்றார்கள். நிறத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்குவது சரியா என்று டயான் நாஷ் என்ற மாணவி மேயரிடம் நேருக்கு நேர் கேட்க, அவர் சரியில்லை என்று ஒப்புக்கொண்டார். மே 10-ஆம் நாள் கடைகள் கறுப்பின மக்களுக்கு உணவு பரிமாறத் தொடங்கின. உங்கள் அப்பாவுக்கு இதைவிட நெருக்கமான இடம் இந்த ஊரில் வேறு இராது.

மாநில அருங்காட்சியகத்தையும் அதே நாளில் பார்த்துவிடலாம். 2018-இல் திறந்த புதிய கட்டடம் அது. அங்கும் கட்டணம் இல்லை. பழங்குடி மக்களின் காலத்திலிருந்து தொடங்கி வரிசையாகக் காட்டுகிறார்கள். 1859-இல் கடற்படை அலுவலர் ஒருவர் எகிப்திலிருந்து அனுப்பிய மம்மி ஒன்றும் அதன் சேகரிப்பில் உண்டு என்பதைப் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.


தேவதாருநிழல் எழுதியது:

நண்பர் சொன்ன விளம்பரமும் கண்ணீர்ப் பாதையும் மறுக்க முடியாத உண்மைகள். ஆயினும் கட்டணத்தைப் பற்றிய கருத்தில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அந்தப் பண்ணையில் அடிமைகள் புதைக்கப்பட்ட இடம் எங்கே என்பது நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. 2024-இல்தான் தொல்லியலாளர்கள் ஓடைக்கு அருகே குறைந்தது 28 பேரின் கல்லறைகளைக் கண்டறிந்து அறிவித்தார்கள். அந்தத் தேடலுக்கும் அதே அருங்காட்சியகம்தான் ஏற்பாடு செய்தது. பார்வையாளர்கள் மாளிகையைப் பற்றி மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களும் மாளிகையை மட்டுமே பராமரிப்பார்கள். ஆகவே போய்க் கேட்க வேண்டும் என்கிறேன். மற்றபடி நூலகத்தை முதல் நாளிலும் ஹெர்மிடேஜை இரண்டாம் நாளிலும் வைப்பதில் எனக்குத் தடையில்லை.


பருத்திக்கணக்கு எழுதியது:

மூன்று சனிக்கிழமைகளில் மாளிகைகள் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. மூன்றாவது மாளிகையில் எல்லா நாற்காலியும் ஒரே நாற்காலியாகத் தோன்றத் தொடங்கிவிடும். ஆனால் அந்த இரண்டில் ஒன்றாக பெல்மான்ட் மாளிகையைச் சேர்த்துக்கொள்ளப் பரிந்துரைக்கிறேன். செல்வம் எங்கிருந்து வந்து எங்கே போயிற்று என்பதை அந்த ஒரு வீட்டைக் கொண்டே விளக்கிவிட முடியும்.

இன்று பெல்மான்ட் பல்கலைக்கழக வளாகத்துக்குள் நிற்கும் இந்த இத்தாலியப் பாணி வீட்டை 1850-களின் தொடக்கத்தில் கட்டி முடித்தவர் அடிலீசியா ஏக்லன். சிலைகள் நிறைந்த தோட்டமும், வளாகத்துக்கெல்லாம் நீர் கொடுத்த உயரமான செங்கல் கோபுரமும் வெளியே இன்னும் நிற்கின்றன. இந்தச் செல்வத்தின் வேர் அவருடைய முதல் கணவர் ஐசக் பிராங்க்ளினிடம் இருக்கிறது. அவர் அடிமை வணிகத்தையே தொழிலாகக் கொண்டவர். வர்ஜீனியாவிலிருந்து மனிதர்களைக் கூட்டங்கூட்டமாகத் தெற்கே கொண்டுபோய் விற்று, அந்தப் பணத்தில் லூசியானாவில் பருத்தித் தோட்டங்களை வாங்கினார். அவர் 1846-இல் இறந்தபின் தோட்டங்கள் மனைவிக்கு வந்தன. உள்நாட்டுப் போர் நடந்த 1864-இல், இருதரப்புப் படைகளுக்கும் நடுவே சிக்கிக்கொண்ட ஏறத்தாழ 2,800 பருத்திப் பொதிகளை, ஒரு தரப்பிடம் அனுமதியும் மறுதரப்பிடம் பாதுகாப்பும் பெற்று, கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பி விற்றார் அடிலீசியா. கிடைத்தது 9,60,000 டாலர், அதுவும் தங்கமாக. வழிகாட்டிகள் இதை அவருடைய துணிவுக்குச் சான்றாகச் சொல்வார்கள். துணிவு இருந்ததை நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பொதிகளை நிரப்பியவர்கள் யார் என்று உங்கள் அப்பா அங்கே கேட்க வேண்டும். அந்த லூசியானாத் தோட்டங்களுள் ஒன்றான அங்கோலா இன்று லூசியானாவின் மாநிலச் சிறையாக இருக்கிறது. கைதிகள் இன்றும் அங்கே வயலில் இறங்கி வேலை செய்கிறார்கள். பெல்மான்ட் வரவேற்பறையின் சரவிளக்கை இந்தச் செய்தியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பெல் மீட் பண்ணையைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1807-இல் ஜான் ஹார்டிங் தொடங்கிய அது, பிற்காலத்தில் பந்தயக் குதிரை வளர்ப்பால் பெயர் பெற்றது. 1881-இல் இங்கிலாந்தின் எப்சம் டெர்பியில் வென்ற முதல் அமெரிக்கக் குதிரையான இரோகுவாய் பின்னர் இங்கேதான் இருந்தது. அந்தக் குதிரைகளுக்கெல்லாம் பொறுப்பாளராக இருந்த பாப் கிரீன் என்பவர் அடிமையாக வாழ்ந்து, விடுதலைக்குப் பின்னும் அங்கேயே தலைமைக் குதிரைக்காரராகப் பணியாற்றியவர். அவருடைய கைப்பக்குவத்தைத் தேடி வெளியூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 1864 டிசம்பர் நாஷ்வில் போரில் பாய்ந்த குண்டுகளின் வடு முகப்புத் தூண்களில் இருக்கிறது. அங்கே பலவகைச் சுற்றுலாக்கள் உண்டு. அடிமைகளின் வாழ்க்கையை மையமாகக் கொண்ட சுற்றுலா எது என்று கேட்டு அதற்கே சீட்டு வாங்குங்கள்.


ஹார்பெத்கரை எழுதியது:

நான் பிராங்க்ளின் என்ற ஊரில் வசிப்பவள். எனக்கு ஒன்பது வயதிலும் பன்னிரண்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள். பதினொரு வயதுப் பையன் இருக்கும் வீட்டுக்குப் பிராங்க்ளினைத்தான் நான் சொல்வேன். நாஷ்வில்லிலிருந்து தெற்கே இருபது மைல்தான்.

1864 நவம்பர் 30-ஆம் நாள் மாலை, இந்தச் சிற்றூரின் விளிம்பில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் போர் நடந்தது. அதில் மாண்டவர், காயமுற்றவர், காணாமற்போனவர் எல்லோரையும் சேர்த்தால் பத்தாயிரத்தை நெருங்கும் என்கிறார்கள். போர்க்களத்தின் நடுவில் சிக்கிக்கொண்டது கார்ட்டர் குடும்பத்தின் வீடு. அவர்களும் அண்டை வீட்டாரும் அடிமைகளுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் நிலவறையில் பதுங்கியிருந்தார்கள். அந்த வீட்டின் மகன் டாட் கார்ட்டர், அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் படையான தென்படையில் போரிட்டபடி தன் வீட்டை நோக்கியே ஓடிவந்து, வாசலுக்கு அருகில் குண்டடிபட்டு விழுந்தான். மறுநாள் விடியுமுன் தேடி எடுத்து வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள்; டிசம்பர் 2-ஆம் நாள் அங்கேயே இறந்தான்.

வீட்டை ஒட்டி மரப்பலகைகளால் ஆன சிறிய பண்ணை அலுவலகம் ஒன்று இருக்கிறது. அதன் சுவர் சல்லடையாகத் துளைபட்டிருக்கிறது. பகலில் உள்ளே நின்றால் துளை ஒவ்வொன்றின் வழியாகவும் வெளிச்சம் புகுந்து எதிர்ச்சுவரில் புள்ளி புள்ளியாக விழும். என் மூத்தவள் ஒரு துளைக்கு நேராகத் தன் விரலைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அங்கிருந்து சிறிது தூரத்தில் இருக்கும் கார்ன்டன் மாளிகை அன்றிரவு மருத்துவமனையானது. மாடியில் பிள்ளைகள் படுத்துறங்கும் அறை ஒன்றில், வெளிச்சத்துக்காகச் சன்னலருகே மேசையைப் போட்டு, மருத்துவர்கள் கைகால்களை வெட்டி எடுத்தார்கள். தரைப்பலகையில் இரத்தக் கறை இன்றும் இருக்கிறது. அந்த அறைக்குப் போகப் படியேற வேண்டும். அம்மா கீழே இருந்துகொண்டு பின் தாழ்வாரத்தில் உட்காரலாம். போரில் உயிரிழந்த தளபதிகளுள் நால்வரின் உடல்களைக் கிடத்தியிருந்தது அந்தத் தாழ்வாரத்தில்தான். பக்கத்திலேயே ஏறத்தாழ 1,500 தென்படை வீரர்களின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றைப் பேணிப் பெயர்ப் பதிவேட்டையும் காத்துவந்தவர் அந்த வீட்டுத் தலைவி கேரி மெக்கவக்.

ஊர்ச் சதுக்கத்தில் நடுநாயகமாக நிற்பது தென்படை வீரனின் சிலை. அதே சதுக்கத்தில் அடிமைச் சந்தை இருந்ததைச் சொல்லும் பலகைகளை 2019-இலும், விடுதலைக்காகப் போரிட்ட கறுப்பின வீரரின் வெண்கலச் சிலையை 2021-இலும் நிறுவினார்கள். இந்த இரண்டு சிலைகளையும் ஒரே பார்வையில் பார்க்கும்படி நின்று கொள்ளுங்கள்; பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.


வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் சனிக்கிழமை நூலகமும் மாநில அருங்காட்சியகமும், இரண்டாம் சனிக்கிழமை ஹெர்மிடேஜ், மூன்றாம் சனிக்கிழமை பிராங்க்ளின் என்று முடிவு செய்துவிட்டோம். போய் வந்ததும் எழுதுகிறேன்.


வைகைக்கரை எழுதியது:

இதை என் மகளின் கணக்கிலிருந்து, அவளுடைய தந்தையாகிய நான் எழுதுகிறேன். முகமறியாத ஒரு கிழவனுக்காக இவ்வளவு விரிவாக எழுதியிருக்கிறீர்கள். அனைவரையும் வணங்குகிறேன்.

நூலகத்தில் அந்த மேடையின் முன்னால் உட்கார்ந்து பத்து விதிகளையும் என் பேரனைக் கொண்டு உரக்கப் படிக்கச் சொன்னேன். அவன் ஆங்கிலத்தில் படிக்க, நான் ஒவ்வொன்றையும் என் மனைவிக்குத் தமிழில் சொல்லிவந்தேன். நாக்பூரில் கற்ற பாடம் இந்த ஊருக்கு வந்து சேர்ந்த கதையை எந்தப் பாடநூலிலும் நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் ஆண்டுதோறும் நடத்தியிருப்பேன். பக்கத்துக் குன்றிலிருக்கும் சட்டமன்றக் கட்டடத்தையும் வெளியிலிருந்து பார்த்தோம். அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் வில்லியம் ஸ்டிரிக்லண்ட் பணி முடியுமுன் 1854-இல் இறந்துவிட, அந்தக் கட்டடச் சுவருக்குள்ளேயே அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். அடித்தளத்துப் பாறையை வெட்டி எடுத்தவர்கள் பதினைந்து அடிமைகள். அவர்கள் எங்கே அடக்கமானார்கள் என்று பேரன் கேட்டான்.

ஹெர்மிடேஜில், தேவதாருநிழல் ஐயா சொன்னபடியே பின்கட்டிலிருந்து தொடங்கினோம். கண்காட்சிக் கூடத்தில் அடிமைக் குடியிருப்புகளைத் தோண்டியபோது கிடைத்த பொருள்களைப் பார்த்தோம். அவற்றுள் விரல் மடக்கிய கை போன்ற சின்னஞ்சிறு பித்தளைத் தகடு ஒன்று. என் மனைவி குனிந்து பார்த்துவிட்டு, “பிள்ளைக்கு அரைஞாணில் கோத்துவிடுவோமே, அந்தத் தாயத்து மாதிரி இருக்கிறது” என்றாள். கண்ணேறுக்கு அஞ்சி அணிந்திருக்கலாம் என்ற பொருளில்தான் ஆய்வாளர்களும் சொல்கிறார்கள் என்று மகள் படித்துச் சொன்னாள். அந்தத் தகட்டைக் கோத்துக் கட்டிய தாயின் பெயர் தெரியாது. ஆனால் அவள் எதற்கு அஞ்சியிருப்பாள் என்பது என் மனைவிக்குத் தெரிந்துவிட்டது.

தோட்டத்தின் மூலையில் ஜாக்சனும் ரேச்சலும் தூண்கள் தாங்கிய மண்டபத்தின் கீழ் உறங்குகிறார்கள். அதற்கு வெகு அருகில் ஆல்ஃபிரடின் கல்லறைக் கல். அடிமைத்தனம் ஒழிந்தபின்னும் பண்ணையிலேயே தங்கி, வருவோருக்கெல்லாம் வீட்டைச் சுற்றிக் காட்டி, 1901-இல் இறந்தவர் அவர். கல்லில் அவருடைய வயது 98 என்றும், அவர் ஆண்ட்ரூ ஜாக்சனின் விசுவாசமான பணியாள் என்றும் எழுதியிருக்கிறார்கள். பேரன் அதைப் படித்துவிட்டு, “தாத்தா, மறுபடியும் அதே சொல்” என்றான். சென்ற ஆண்டு அவன் கேட்ட கேள்விக்குக் கிடைத்த அதே சொல் கல்லிலும் இருந்தது.

இன்னொன்றும் என்னை வருத்தியது. அவர் பிறந்தது 1812 வாக்கில் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் இறந்தபோது அவருக்குத் தொண்ணூறுகூட ஆகியிருக்காது. கல்லில் வெட்டிய வயதிலேயே ஏறத்தாழ பத்து ஆண்டு பிழை இருக்கிறது. இந்த வட்டாரத்துப் பண்ணைகளில் பந்தயக் குதிரைகளுக்குத் தாய் எது, தந்தை எது, எந்த ஆண்டு ஈன்றது என்று தலைமுறை தலைமுறையாகப் பதிவு உண்டு. பருத்திக்கணக்கு அவர்கள் எழுதிய பெல் மீட் செய்தியைப் படித்தபோதே இது மனத்தில் தைத்தது.

நாம் வெளியே நின்று குற்றம் மட்டும் சொல்லிவிட முடியாது என்பதையும் எழுதியாக வேண்டும். பஞ்சத்தால் தங்களையே கோயிலுக்கு விற்றுக்கொண்டவர்களைப் பற்றிச் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் பேசுகின்றன. சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதையில் வரும் ஆளோலை, ஆளை விற்கவும் வாங்கவும் எழுதிய ஓலை நம்மிடையே இருந்ததால்தான் கதைக்குள் வந்தது. இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவை நீக்கியது 1843-ஆம் ஆண்டுச் சட்டம். முப்பத்திரண்டு ஆண்டுகளில் நான் மகாலின் தூண்களை மாணவர்களைக் கொண்டு அளக்கச் செய்தேன். அந்தத் தூண்களைத் தூக்கி நிறுத்தியவர்களுக்கு என்ன கூலி கிடைத்தது என்று ஒருமுறைகூடக் கேட்கச் சொன்னதில்லை.

பிராங்க்ளினில் பண்ணை அலுவலகத்தின் துளைகளை என் பேரன் எண்ணத் தொடங்கி, நாற்பதுக்குமேல் எண்ண முடியாமல் விட்டுவிட்டான். கார்ன்டன் மாடிக்கு நானும் அவனும் மட்டும் போனோம். கறைகளுக்கு நடுவே ஓரிடத்தில் தரை சற்று வெளுத்திருந்தது. மருத்துவர் காலூன்றி நின்ற இடமாக இருக்கலாம் என்று வழிகாட்டி காட்டினார். கீழே தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி, வெட்டியதையெல்லாம் அள்ளிக் கழுவியது யார் என்று கேட்டாள். வழிகாட்டி தயங்காமல், அந்த வீட்டில் இருந்த அடிமைகளும் அவ்வேலையைச் செய்தார்கள் என்று விடை சொன்னார். பணியாட்கள் என்று அவர் சொல்லவில்லை.


நூலகவாசி எழுதியது:

ஐயா, உங்கள் எழுத்தை இரண்டு முறை படித்தேன். ஹெர்மிடேஜை முதலில் வைக்க வேண்டாம் என்று நான் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் போக வேண்டாம் என்ற தொனி என் பதிவில் இருந்திருந்தால் அதைத் திரும்பப் பெறுகிறேன். ஊர் திரும்புவதற்கு முன் இன்னொரு நாள் கிடைத்தால் நெக்லி கோட்டையைப் பாருங்கள். 1862-இல் வடபடையினர் 2,700-க்கும் மேற்பட்ட கறுப்பின மக்களைக் கட்டாயமாகப் பிடித்துவந்து கட்டிய கோட்டை அது. வேலையின்போது நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். விடுதலை தர வந்த படை எப்படி வேலை வாங்கியது என்பதும் தெரிய வேண்டியதுதான்.


வைகைக்கரை எழுதியது:

மகள் எழுதுகிறேன். நெக்லி கோட்டைக்கு நவம்பரில் வெயில் தணிந்தபின் போகலாம் என்று இருக்கிறோம். அதற்குமுன், வரும் சனிக்கிழமை டிராவலர்ஸ் ரெஸ்ட் என்ற பழைய வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார். ஜாக்சனின் நண்பரான நீதிபதி ஜான் ஓவர்டன் 1799-இல் அதைக் கட்ட நிலவறை தோண்டியபோது மண்ணிலிருந்து மண்டையோடுகளாக வந்தனவாம். அதனால் முதலில், மண்டையோட்டு இடம் என்று விவிலியத்தில் பொருள்படும் கொல்கொதா என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார். பல நூற்றாண்டுகளுக்கு முன் அங்கே ஊரமைத்து வாழ்ந்த பழங்குடி மக்களின் இடுகாடு அது. அப்பா கேள்விகளை ஒரு நோட்டில் இப்போதே எழுதத் தொடங்கிவிட்டார். எங்கள் வண்டியில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குப் புறப்படுகிறோம், வர விரும்புவோர் தனிச்செய்தி அனுப்புங்கள். மடக்கு நாற்காலியை மட்டும் யாரேனும் இன்னொன்று கொண்டுவந்தால் உதவியாக இருக்கும். அம்மாவோடு அப்பாவும் இப்போது அடிக்கடி உட்கார்ந்துவிடுகிறார்.